திட்டினால் மட்டுமா ஓடுகிறார்கள்?

கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்விக்கு ஒரு ரெடிமேட் பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய ஆட்கள் கடுமையாகப் பேசுகிறார்கள், அதனால் புது ஆட்கள் ஓடிவிடுகிறார்கள் என்பது. தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிதான் சரி. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற ஒருத்தரை மனசில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வுகளைப் படித்தால் அந்தப் பாதியும் சுருங்கிவிடுகிறது.

ஆதாரம் இல்லாமல் இல்லை. 2017-ல் கிட்ஹப் நடத்திய ஓப்பன் சோர்ஸ் சர்வேயில் சுமார் 5,500 பேர் பதில் சொன்னார்கள். 18 சதவீதம் பேர் தங்களுக்கே மோசமான அனுபவம் நடந்ததாகவும், 50 சதவீதம் பேர் மற்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். அப்படி அனுபவித்தவர்களிலும் பார்த்தவர்களிலும் 21 சதவீதம் பேர் அதனாலேயே ஒரு திட்டத்துக்குப் பங்களிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலில் யூ.எஸ்.பி 3.0 டிரைவரை எழுதிய சேஜ் ஷார்ப், அங்கே பேசிக்கொள்ளும் விதம் பிடிக்காமல் 2015-ல் வெளியேறினார். 2018 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸே தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார்.

எனக்குள்ள சிக்கல், இந்தக் கணக்கில் யார் இருக்கிறார்கள் என்பதுதான். பதில் சொன்னவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வாசலுக்குள் வந்தவர்கள். அதில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம் பெண்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் ருசி தெரியும். பத்திரிகையே போகாத வீடுகள் எத்தனை என்று தெரியாது.

இந்தத் தொழிற்சாலை நெடுக சாஃப்ட்வேர் எழுதுகிற ஆட்கள் இல்லை என்று ஓ.எம்.ஆர் காரர்கள் நினைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோவும் ராயல் என்ஃபீல்டும், சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான், சுற்றிலும் இவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கிற எத்தனையோ சின்ன கம்பெனிகள். பி.எல்.சி-யிலிருந்து டேட்டாவை எடுக்க பைத்தானில் மோட்பஸ் லைப்ரரி, காட்ட கிராஃபனா, நடுவில் ஒட்டுப்போட நோட்-ரெட். எல்லாம் திறந்த மூலம். 2019-ல் ஹூண்டாய் 'ஆட்டோமோட்டிவ் கிரேட் லினக்ஸ்' திட்டத்தில் சேர்ந்தது. கார் கம்பெனி சேர்ந்தாகிவிட்டது. லைன் பக்கத்தில் லேப்டாப்போடு நிற்கிற மெயின்டனன்ஸ் இன்ஜினியர் எந்தத் திட்டத்திலும் இல்லை.

அவரை யாரும் திட்டவில்லை. அவர் எழுதவே இல்லையே, எப்படித் திட்டுவார்கள்?

இந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் கைசன் தெரியாதவர் குறைவு. ஆபரேட்டர் ஒரு யோசனையைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை எழுதி, 'பார்க்கிறோம்' என்றுகூட யாரும் சொல்லவில்லை என்றால் அடுத்த சீட்டு வராது, வந்தாலும் கணக்குக்காகத்தான் வரும். சூப்பர்வைசர் கத்தினால்கூடப் பரவாயில்லை, படித்திருக்கிறார் என்று அர்த்தம். 2013-ல் மோசில்லாவில் இதையேதான் கண்டுபிடித்தார்கள். முதல் பங்களிப்புக்கு 48 மணி நேரத்துக்குள் ரிவியூ கிடைத்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். 7 நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் திரும்பி வருவது கிட்டத்தட்ட பூஜ்யம். மௌனம்தான் வசவைவிடப் பெரிய விரட்டல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைப் படம் பிடித்துப் பகிர முடியாது, அதனால் அது விவாதமாவதில்லை.

அடுத்தது மொழி. ஆங்கிலம் வராது என்ற பழைய புலம்பல் இல்லை இது. தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பாருங்க', 'சொல்லுங்க' என்றால் போதும், தனியாக 'தயவுசெய்து' போட வேண்டியதில்லை. போட்டால்தான் ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கும். அதே ஆள் ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'ங்க' எங்கே போகும்? எங்கும் போகாது, உதிர்ந்துவிடும். 'ஃபிக்ஸ் திஸ்' என்று மொட்டையாக நிற்கும். அதற்குப் பயந்தால் மறுபக்கம் போய் 'டியர் சார், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதுவார். முதலாவதைப் படித்த பராமரிப்பாளர் அதிகாரம் பண்ணுகிறான் என்று நினைக்கிறார், இரண்டாவதைப் படித்தவர் சிரிக்கிறார். 'ஐ ஹேவ் எ டவுட்' இன்னும் மோசம். நமக்கு அது வகுப்பில் கை தூக்குகிற மாதிரி. அந்தப் பக்கம், உன் கோடை நான் நம்பவில்லை என்று கேட்கிறது. நன்னடத்தை விதிகளை எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த இடறல் அதில் அகப்படாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து வருகிற பங்களிப்பு என்றதும் இப்போது நினைவுக்கு வருவது வேறு. 2020 அக்டோபரில் நான்கு புல் ரெக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்ற ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், ரீட்மீ கோப்பில் 'அமேசிங் புராஜெக்ட்' என்று சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். ஒரு இந்திய யூடியூப் பாடத்தில் உதாரணமாகக் காட்டியதை அப்படியே நகலெடுத்தவர்கள் அதில் நிறைய. மாதம் பிறந்து மூன்றாவது நாளே டிஜிட்டல் ஓஷன் விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டும் கணக்கில் எடுத்தது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் திட்டத்துக்கும் அதே கதி. இன்னொரு பாட வீடியோ, நூற்றுக்கணக்கான மாணவர்கள், எல்லாரும் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்க்கிறார்கள். சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூட வேண்டியிருந்தது. அவர்கள் கோபம் நியாயம். ஆனால் கோபத்தோடு நிற்கவில்லை, நாட்டைச் சொல்லிக் கேலியும் வந்தது.

அந்தப் பையன்கள் சோம்பேறிகள் என்பதை நான் ஏற்கவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு கிட்ஹப் பக்கத்தில் பச்சைக் கட்டங்கள் வேண்டும் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். 2023-ல் இந்தியாவில் 1.32 கோடி பேர் கிட்ஹப்பில் இருந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ரெகார்டு நோட்டில் எல்லாரும் ஒரே எக்ஸ்பெரிமென்ட்டை எழுதிக் கையெழுத்து வாங்கிப் பழகிய கூட்டத்துக்கு ரீட்மீயும் இன்னொரு ரெகார்டு நோட்டுதான். விளைவைச் சுமப்பவர் வேறு ஆள். ஒரகடத்தில் உண்மையான பக் ஒன்றைக் கண்டுபிடித்தவர் இந்தக் கேலியைப் படித்துவிட்டு, நமக்கு எதுக்கு வம்பு என்று டேபை மூடிவிடுகிறார்.

மரியாதையாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு எக்ஸ்.இசட் விவகாரத்தை நினைவூட்டுவேன். 2022-ல் களைத்துப் போயிருந்த பராமரிப்பாளரைச் சில கணக்குகள் 'ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு' என்று நெருக்கின. பக்கத்திலேயே 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக, உழைப்பாளியாக நின்றார். பின்கதவு வைத்தது அந்தப் பணிவான கணக்குதான். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளியே கொண்டுவந்தார். தொனியை மட்டும் அளக்கிற ஆய்வுக் கருவியில் அந்தக் கணக்குக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும்.

வீட்டுப் பக்கச் சமூகத்தைப் பற்றி ஆய்வுகள் அநேகமாகப் பேசுவதே இல்லை. கேட்டில் செல்போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு உள்ளே அனுப்புகிற இடத்தில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறவருக்கு, கோடை வெளியே போடுவது என்றாலே உடம்பு கூசும். வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, எச்.ஆரிடம் கேட்டால் கேட்டதே சந்தேகமாகிவிடும். வீட்டிலோ, 'காசு தர்றாங்களா? இல்லைன்னா எதுக்குப்பா ராத்திரி முழிச்சிட்டு இருக்கே?' சமூக மனப்பான்மை என்றால் இதுவும்தானே.

காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருப்பது இதே மாவட்டத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் தமிழிலேயே பேசுகிறார்கள், அடிப்படைக் கேள்விக்கும் பதில் உண்டு. 2012-லிருந்து கணியம், நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' மாதிரிப் புத்தகங்கள் - கற்றுக்கொள்கிற பக்கத்தில் வேலை நடந்திருக்கிறது, நன்றாகவே. என் குறை ஒன்றுதான். தமிழில் படித்துமுடித்த ஆள் முதல் இஷ்யூவை எழுதப் போகும்போது மறுபடி தனியாள். பக்கத்தில் உட்கார்ந்து 'இந்த வரியை எடுத்துடுங்க, லாகை மட்டும் போடுங்க, பதில் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு ஞாபகப்படுத்துங்க' என்று சொல்ல ஆள் வேண்டும். 'கட்டற்ற' சரியா 'திறந்த மூலம்' சரியா என்று நாம் செலவழிக்கிற மாலை நேரங்களில் பாதி போதும் அதற்கு.

அடுத்து யாராவது சர்வே எடுத்தால், 'உங்களை யாராவது அவமதித்தார்களா' என்ற கேள்வியைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டு, ஷிப்ட் விடுகிற நேரத்தில் சுங்குவார்சத்திரத்தில் நின்று இதைக் கேட்கட்டும்: கடைசியாக எந்த பக்கைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் நீங்களே ஒட்டுப்போட்டுக்கொண்டீர்கள்? அந்த ஒட்டு இப்போது எந்த லேப்டாப்பில் இருக்கிறது?