தலைவனை ஆக்குதல்: 'ஒமேர்ட்டா' என்னும் கணினி விளையாட்டும் புத்தளக் கரையும்

பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் வகுத்த தண்டியலங்காரம், தன்னிகரில்லாத் தலைவன் ஒருவனை வேண்டிநின்றது. அத்தலைவனுடைய குலமும் குணமும் கதை தொடங்கு முன்னரே முடிந்த முடிபாக அமைந்துவிடுகின்றன. கதை அவற்றை விளக்கிக் காட்டுகின்றதேயன்றி ஆக்கிக் காட்டுவதில்லை. பின்வந்த நாவலும் திரைப்படமும் இந்நியதியை மாற்றின. மனிதன் தன் காலத்தாலும் தன்னைச் சூழ்ந்தோராலும் ஆக்கப்படும் முறையைக் காட்டுதலே அவற்றின் தலையாய பணியாயிற்று. இன்று கணினி விளையாட்டும் கதை கூறும் கலைகளுள் ஒன்றாகிவிட்டது. அது தலைமைப் பாத்திரத்தை எவ்வாறு ஆக்குகின்றது என்பது, விளையாட்டுத்தானே என ஒதுக்கிவிடத்தக்க வினா அன்று.

இவ்வினாவை ஆராய்வதற்கு, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒமேர்ட்டா: சிற்றி ஒஃப் காங்ஸ்டேர்ஸ்' என்னும் உத்தி விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். பல்கேரிய நாட்டு ஹேமிமொன்ற் கேம்ஸ் நிறுவனம் இதனை ஆக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை நிலவிய மதுவிலக்குக் காலமே கதைக்களம். கடற்கரை நகரமாகிய அத்லாந்திக் சிற்றியே கதை நிகழிடம். புதிதாய் வந்திறங்கிய குடியேறி ஒருவன் கள்ளச்சாராயத்தாலும் சூதாட்டத்தாலும் நகரைத் தன் கைக்குட் கொண்டுவருவதே கதை. ஆட்டக்காரர் தொடக்கத்திலே தம் தலைவனின் கடந்தகாலம் பற்றிய சில வினாக்களுக்கு விடை தெரிவுசெய்கின்றார். அவ்விடைகளே உடல்வலி, தாங்குதிறன், நேர்த்தி, துணிவு, அறிவு, சூழ்ச்சி என்னும் ஆறு பண்புகளின் அளவுகளாகின்றன.

இவ்வமைப்பிற் பாராட்டுக்குரியவை சில உள. முதலாவதாக, குற்றவாளி பிறவியிலேயே தீயவன் என்னும் மலிந்த கருத்தை இவ்விளையாட்டு ஏற்கவில்லை. குணம் என்பது வரலாற்றின் விளைவு என்பதை அது தன் முதல் வினாவிலேயே ஒப்புக்கொள்கின்றது. இரண்டாவதாக, தலைவன் பெறும் விருப்பமும் அவன் விளைவிக்கும் அச்சமும் தனித்தனி அளவுகளாகக் கணிக்கப்படுகின்றன. கொடையால் ஒன்று வளரும். வன்முறையால் மற்றது வளரும். மூன்றாவதாக, கறுப்புப் பணத்தையும் வெள்ளைப் பணத்தையும் அது வேறுபிரித்துக் காட்டுகின்றது. பொலிசாரின் விசாரணையையும் பணங்கொடுத்து நிறுத்தலாம். சட்டத்துக்கும் சட்ட மீறலுக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கலை அது மறைக்கவில்லை.

எனினும், ஆழ்ந்து நோக்குமிடத்து, இங்கே பழைய காப்பியத் தலைவனே எண்ணுருவில் மீண்டு வந்திருக்கின்றான் என்பது புலனாகும். தெரிவுசெய்யப்பட்ட கடந்தகாலம் எண்ணாக மாறியதும் தன் உயிரை இழந்துவிடுகின்றது. சிறுவயதிற் பட்ட அவமானம் துணிவின் அளவு ஆகலாம். அவ்வவமானம் பின்னொரு நாள் நினைவாக எழுந்து அவன் கையைத் தடுப்பதில்லை. நகரமக்களோ பெரும்பாலும் வருவாய்க்குரிய தலங்களாகவே நிற்கின்றனர். அவர்களின் விருப்பமும் அச்சமும் ஏறி இறங்குகின்றன. ஆனால் அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவதை நாம் காண்பதில்லை. 'ஒமேர்ட்டா' என்னும் இத்தாலியச் சொல் அதிகாரிகளிடம் வாய் திறவாமையாகிய மௌன விதியைக் குறிப்பது. மௌனத்தைப் பெயராகக் கொண்ட இவ்விளையாட்டு, அம்மௌனத்தைக் காப்போர் யார், அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை யாது என்று கேட்கவில்லை. இதுவே அதன் அடிப்படைக் குறைபாடு.

இக்குறையை விளங்கிக்கொள்ள, மணிரத்தினத்தின் 'நாயகன்' (1987) திரைப்படத்தை ஒப்புநோக்குதல் பயன்தரும். அப்படம், தூத்துக்குடியிற் பிறந்து பம்பாய் சென்று, மதுவிலக்கு நிலவிய அந்நகரிற் கள்ளச்சாராயத்தால் வளர்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இல்லையேல் அத்தகைய தலைமை அவ்வளவில் வளர்ந்திராது. படத்தில் வேலு தலைவனாகும் கணம் எது? பொலிஸ் அதிகாரியைக் கொல்லும் கணம் அன்று. பலர் பார்க்க நிகழ்ந்த அக்கொலைக்குச் சாட்சி கூற எவரும் முன்வராத கணமே அது. அவனைத் தலைவனாக்கியது அவனுடைய துணிவு மட்டுமன்று, அவர்களுடைய மௌனமுமாகும். அம்மௌனத்தின் கணக்கு பின்னர் தீர்க்கப்படுகின்றது. மகள் விலகிச் செல்கின்றாள். பேரன் நல்லவரா தீயவரா எனக் கேட்கும்போது அவரிடம் விடையில்லை. நீதிமன்றம் விடுவித்தவரை, கொலையுண்ட அதிகாரியின் மகனே கொல்கின்றான். படம் தன் தலைவனை மிகைப்படப் போற்றுகின்றது என்னும் குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. ஆயினும் பிறர் அவனை மதிப்பிடுவதற்கு அது இடமளிக்கின்றது.

இவ்விடயம் தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் வாழும் நமக்கு வெறும் ஏட்டறிவு அன்று. மதுவிலக்குக் கால அமெரிக்காவிலே, சாராயங் கொணர்ந்த கப்பல்கள் மூன்று மைல் எல்லைக்கு அப்பால் வரிசையாக நங்கூரமிட, சிறு படகுகள் இரவிற் சென்று சரக்கை ஏற்றிவந்தன. 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மன்னார் வளைகுடாவிலும் கடலெல்லை வரையப்பட்டது. 2020ஆம் ஆண்டையொட்டி மஞ்சள் இறக்குமதி தடைப்பட்ட காலத்தில், கற்பிட்டிக் கடலில் உலர் மஞ்சளும் பீடி இலையும் கடற்படையினராற் கைப்பற்றப்பட்ட செய்திகள் அடிக்கடி வெளிவந்தன. மஞ்சள் தன்னளவிற் குற்றப்பொருள் அன்று, அடுக்களைப் பொருள். தடையே அதற்குக் கள்ளப் பொருளின் விலையை அளித்தது. அச்செய்திகளிற் காணப்பட்டவை பெரும்பாலும் படகும் மூட்டைகளும் கைதான படகோட்டிகளுமே. சரக்குக்கு முதலிட்டவன் அப்படங்களில் இடம்பெறுவது அரிது. விளையாட்டுத் திரையில் தலைவன் நடுவே நிற்கின்றான். கரையிலோ அவன் கண்ணுக்குப் புலனாகாதவன். அவனுக்காக வாய்மூடி நிற்பவனே நம் கண்முன் நிற்கின்றான்.

இதே கரையில் தலைமைக்கு வேறொரு முன்மாதிரியும் உண்டு. உடப்புக் கரைவலையில் வலைக்குரிய சம்மாட்டியின் தலைமை, பங்கினாலும் முற்பணத்தினாலும் கட்டமைந்தது. அது சுரண்டலற்றது எனக் கூறுவதற்கில்லை. முற்பணம் கடனாகித் தொழிலாளியைப் பிணிப்பதும் உண்டு. ஆனால் அத்தலைமை யாரோடு, எவ்வகைக் கடப்பாட்டில் நிற்கின்றது என்பது வெளிப்படை. பாடு பொய்த்த நாளிற் சம்மாட்டியின் குணம் தொழிலாளியின் அடுப்பிலே தெரியும். ஆறு பண்புகளின் அளவுகளைக் கொண்டு அதனை அறிய முடியாது.

விளையாட்டு நாவலன்று, விதிகளின்றி அது இயங்காது, ஆகவே எண்கள் தவிர்க்க முடியாதன எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதம் ஓரளவு ஏற்புடையதே. ஆயின், விதிகளே விளையாட்டின் மொழி என்பதனால், விதிகளைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும். தலைவனின் வலிமையை எண்ணாக்க இயலுமெனில், அயலாரின் மௌனத்தையும் எண்ணாக்க இயலும். அதனை ஈட்டவேண்டிய பொருளாகவும், அம்மக்கள் கூடி முடிவெடுத்துத் திரும்பப் பெறக்கூடிய பொருளாகவும், காத்தவன் வீட்டில் இழப்பாகப் பதியும் பொருளாகவும் அமைக்கலாம். அவ்வாறு அமைந்தால் வெற்றிபெறும் ஆட்டக்காரரும் தாம் யார் தோளில் ஏறி வென்றோம் என்பதை அறிந்தே வெல்வார்.

ஆக, தலைமைப் பாத்திரத்தின் ஆக்கம் அவன் தன்னைப்பற்றிக் கூறும் விடைகளில் முடிவதில்லை. பிறர் அவனைப்பற்றிக் கூறுவதிலும் கூற மறுப்பதிலுமே அது நிறைவுறுகின்றது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலில் ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். ஏற்றுப் பாடும் குரல்கள் ஓய்ந்துவிடின் அடியெடுத்துக் கொடுப்பவன் தனிமனிதனே, வலையும் கரைசேராது. அக்குரல்களைக் கேட்கச் செய்யாத கலை, அது காப்பியமாயினும் கணினி விளையாட்டாயினும், தலைவனை அலங்கரிக்கின்றதே தவிர ஆக்குவதில்லை.