ஐந்து சட்டங்களும் உபரி ஊழியரும்

எஸ். ஆர். ரங்கநாதன் தம் நூலக விதிகள் ஐந்தையும் மேடையில் விளக்கியது 1928 டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில். அடுத்த வருஷம் அக்கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குள் சேர்ந்தது. விதிகள் 1931இல் புத்தகமாயின. சீர்காழிக்காரர் பக்கத்து ஊரில் பேசினார் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். படித்தவர்கள் குறைவு.

அவற்றை ஒரு இலக்கியப் பிரதியாகப் படித்துப் பார்க்கலாம். ஐந்தையும் கூட்டினால் புத்தகம் உண்டு, வாசகன் உண்டு, வாசகனின் நேரம் உண்டு, வளரும் உயிராக நூலகமும் உண்டு. ஊழியன் இல்லை. விளக்கவுரையில் வருகிறான், அவன் சம்பளத்தையும் அந்தஸ்தையும் பற்றி ரங்கநாதன் உரக்கவே பேசுகிறார். ஆனால் ஒரு விதிக்காவது அவன் எழுவாய் ஆகவில்லை.

போர்ஹேயிடம் நேர்மாறு. 1938 முதல் 1946 வரை பியூனஸ் அயர்ஸில் ஒரு நகராட்சி நூலகத்தில் அவர் குமாஸ்தா. பதினைந்து பேர் செய்யக்கூடிய வேலைக்கு ஐம்பது பேர். முதல் நாளே நானூறு புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டார். மறுநாள் சகாக்கள் தனியே அழைத்து, இந்த வேகத்தில் போனால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று சொல்லிவைத்தார்கள். 1946இல் பெரோன் ஆட்சி அவரைக் கோழி இன்ஸ்பெக்டராக மாற்றியது, ராஜினாமா செய்தார். 'பாபேல் நூலகம்' (1941) இந்த வருஷங்களில் எழுதியது. நம்மவர்கள் அதில் முடிவின்மை, பிரபஞ்சம் என்றே தேடுகிறார்கள். எனக்கு அது முதலில் உபரி ஊழியர்களின் கதை. முடியாத அலமாரிகளுக்கு நடுவே, தன் வேலைக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டுக்கொண்டே நடக்கும் நூலகர்கள். (வங்கிக் குமாஸ்தாவுக்கு இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரிதான்.)

2013இல் தமிழக அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சட்டம் இயற்றி ஏற்றது. நிதி நிலைமை சீர்கெட்டிருந்தது. ஊழியர் தேவைக்கு மேல் என்று கண்டார்கள். பின்வந்த வருஷங்களில் ஆயிரக்கணக்கானோர் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கணக்கை நான் மறுக்கவில்லை. பேரேட்டோடு பிழைப்பவன் மறுக்க முடியாது. ஆனால் எந்த அலமாரியின் பின்வரிசையில் எந்தப் புத்தகம் ஒளிந்திருக்கிறது என்ற ஞாபகத்துக்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. ஆள் மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும். இதை எழுதிய தமிழ் நாவல் எதுவும் என் கண்ணில் படவில்லை. குமாஸ்தாவின் வறுமையை எழுதியிருக்கிறோம், அவன் அறிவை எழுதவில்லை.

சிதம்பரத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்த காலம். புரட்டாசிக் கடைசி, மழை இன்னும் பிடிக்கவில்லை. கடலூரிலிருந்து ரயிலில் போய் நூலகத்துக்குள் நுழைந்தால் சரஸ்வதி பூஜை. மேஜைமேல் அடுக்கிய புத்தகங்களுக்குச் சந்தனம், குங்குமம். புத்தகம் பயன்படவே என்ற முதல் விதிக்கு அன்று விடுமுறை. நான் நீட்டிய சீட்டை ஊழியர் வாங்கிப் பார்த்தார்.

"இன்னிக்குப் படிக்கக் கூடாது தம்பி. பொரி எடுத்துக்குங்க."

விஜயதசமி கழித்துப் போனேன். சீட்டு எழுதுமுன்பே அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார்.