வாக்குச்சீட்டின் கடைசி வரி

ஜனநாயகம் என்றதும் நாம் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை கை உயர்ந்தது, எந்தப் பக்கம் எத்தனை பேர். கேள்வியை எழுதியது யார் என்று கேட்டால் "அதெல்லாம் எதுக்கு, ஓட்டைப் போடு" என்பார்கள். கட்டற்ற மென்பொருள் குழுக்களின் முடிவெடுக்கும் முறைகளை வாசித்துக்கொண்டு வருகையில், அதிகாரம் குடியிருக்கும் இடம் வாக்குச்சீட்டின் வாசகம்தான் என்று எனக்குப் பட்டது. தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்குக் கணினிக்காரர்கள் விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். டெபியன் திட்டத்துக்கு 1998 டிசம்பரில் ஏற்கப்பட்ட அமைப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது ஒரு பிரதி. பிரதி என்று வந்துவிட்டால் வாசித்துத்தானே ஆகவேண்டும்?

டெபியன், 1993இல் தொடங்கிய இயங்குதளத் திட்டம். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது. முதலாளி கிடையாது. தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் தொழில்நுட்பச் சச்சரவுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் குழு தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. அதிகபட்சம் 8 பேர். குழுவே பெயர்களைப் பரிந்துரைக்க, தலைவர் நியமிக்கிறார்.

2014 பிப்ரவரியில் இந்தக் குழு ஒரு முடிவெடுத்தது. கணினி விழித்தவுடன் முதலில் ஓடி மற்ற நிரல்களையெல்லாம் எழுப்பிவிடும் ஆதார நிரலாக எதை வைப்பது? சிஸ்டம்-டி என்று நான்கு பேர், அப்ஸ்டார்ட் என்று நான்கு பேர். குழுத் தலைவரின் முடிவு வாக்கில் சிஸ்டம்-டி வென்றது. ஆயிரம் பேர் அளவிலான ஓர் அமைப்பின் திசை ஒரு மனிதரின் கையில் வந்து நின்றது. சிஸ்டம்-டியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ரெட் ஹாட் ஊழியர். அப்ஸ்டார்ட் கனானிக்கல் நிறுவனத்தில் பிறந்தது. குழுவில் கனானிக்கல் ஊழியர்களும் இருந்தார்கள். இதை யாரும் மறைக்கவில்லை. இதை வைத்து "விலைபோய்விட்டார்கள்" என்று முடிப்பது சோம்பேறித்தனமான வாசிப்பு. 'சுத்தமான தொழில்நுட்பத் தீர்ப்பு' என்கிற சொல்லாடலுக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

முக்கியமான சண்டை வேறு இடத்தில் நடந்தது. எது இயல்பிருப்பு என்பது ஒரு கேள்வி. மற்ற நிரல்கள் அதை மட்டுமே நம்பி இயங்கலாமா, மாற்றுக்கு இடம் உண்டா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே சீட்டில் வைப்பதா, பிரிப்பதா? இதில்தான் குழு திணறியது. கடைசிச் சீட்டில் முதல் கேள்வி மட்டும் இருந்தது. தனித்து விடப்பட்ட இரண்டாம் கேள்வி அந்த நவம்பரில் உறுப்பினர்கள் அனைவர் முன்னும் வந்தது. சீட்டில் ஐந்து வரிகள். உறுப்பினர்கள் அவற்றை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டிரண்டாக மோதும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொந்தோர்செ 1785இல் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை இது. ஜெயித்தது எது தெரியுமா? 'பொதுத் தீர்மானம் தேவையில்லை' என்ற வரி.

வாக்கெடுப்பையே வாக்களித்து மறுத்தார்கள். இதை முதிர்ச்சி என்று புகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் 'தேவையில்லை' என்பதும் ஒரு நிலைப்பாடுதான். ஏற்கனவே வென்று நிற்பவருக்கு அது வசதி. அதே மாதத்தில் குழுவிலிருந்து மூவர் அடுத்தடுத்து விலகினார்கள். சிஸ்டம்-டி வேண்டாம் என்றவர்கள் டெவுவான் என்ற பெயரில் தனியே பிரிவதாக அறிவித்தார்கள். குழுவின் மூத்தவர்கள் முறைவைத்து இறங்கும் விதி டிசம்பரில் நிறைவேறியது. 2019 டிசம்பரில் இதே விஷயத்துக்கு மறுபடியும் ஓட்டு. எண்ணி முடித்ததும் எதுவும் முடிந்துவிடுவதில்லை.

அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் வேறொரு ஒழுங்கு. நிரல் மாற்றம் ஒன்றை ஒரே ஒரு உறுப்பினர் எதிர் வாக்கால் நிறுத்திவிடலாம். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் இல்லாத மறுப்பு செல்லாது. தனி ஆளுக்கு இவ்வளவு பலம் கொடுத்துவிட்டு, "வாயைத் திறந்து பேசு" என்று கட்டளையும் இடுகிறார்கள்.

டெபியன் சீட்டிலும் இந்தப் பேச்சுக்கு ஓர் இடம் இருந்தது. பொதுத் தீர்மானங்களில் அதன் கடைசி வரி 'மேலும் விவாதம்'. வெறும் அலங்காரமில்லை அது. அந்த வரியைத் தோற்கடிக்காத எந்தத் தேர்வும் வெல்ல முடியாது. கேள்வியே தவறு, வா, இன்னும் பேசலாம் என்று சீட்டுக்குள்ளிருந்தே சொல்லும் உரிமை அது. 2022இல் விவாத விதிகளைத் திருத்தியபோது அந்த வரி 'மேற்கண்ட எதுவுமில்லை' என்று மாறியது. கணக்கு அதேதான், சொல்தானே மாறியது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் சொல் உட்காரச் சொல்கிறது. இரண்டாவது கதவைச் சாத்துகிறது.

அமைப்பு நடத்துகிற தோழர்கள் தங்கள் தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பதை விடுங்கள். வேண்டாம் என்றவர்கள் தொடர்ந்து பேச ஒரு வரியாவது விட்டுவைத்திருக்கிறோமா?