மெட்டி ஒலியும் ஆலைப் பெண்ணும்

“தொலைக்காட்சித் தொடரா, தூ!” எனத் தள்ளும் எழுத்தாளத் தோழனே, சற்றே நில்! 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய ‘மெட்டி ஒலி’யை எண்ணிப் பார். மாயமில்லை, மன்னனில்லை; ஐந்து பெண்களைப் பெற்ற தந்தை, அவர்கள் புகுந்த வீடுகள், அவ்வளவே! ஆயினும் இல்லங்கள் இரவுதோறும் காத்திருந்தன. ஏன்? மாமியாரின் ஒரு சொல் மருமகள் நெஞ்சில் என்ன செய்கிறது என்பதை அவசரமின்றிக் காட்டிற்று அது. (வில்லியரின் விழியுருட்டலைத் தொடர்க்காரர்களிடமே விட்டுவிடுவோம்.) நம் கதைகளோ முதற்பத்தியிலேயே சீர்திருத்தம் முழங்கி, மாந்தரை மறந்துவிடுகின்றன.

திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைப் பெண்களைப் பார். 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகித் தோழியர் நோயுற்றபோது, பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். அந்த மறியலை எழுதப் பலர் உண்டு. அதற்கு முந்திய இரவுகளை, ஒரே அறையில் படுத்த பலரின் பேச்சை, மாப்பிள்ளை பார்த்திருப்பதாகத் தொலைபேசியில் கூறும் தாயின் குரலை எழுதுவோர் எங்கே?