அவள் ஏன் உடனே பதில் சொல்வதில்லை?

ஜப்பானியப் பள்ளிக்கூடக் காதல் மாங்காக்கள் (படக்கதைகள்) திரைப்படமாகும்போதெல்லாம் நாயகியாக நடிப்பவர்மீது ஒரே புகார்தான்: முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, வசனம் பிந்தி வருகிறது. இந்தப் புகாரை நான் ஏற்கவே மாட்டேன். பிந்தி வருவதுதான் அந்த வேடத்தின் உயிர். 2010-இல் வந்த ‘கிமி நி டோடோகே’ படத்தையே எடுத்துக்கொள்வோம்.

கதை இதுதான். நீண்ட கறுப்பு முடி, குனிந்த தலை. ‘ரிங்’ பேய்ப்படத்துச் சடாகோவின் பெயரையே நாயகி சவாகோவுக்கு வைத்துவிட்டு வகுப்பு ஒதுங்கி நிற்கிறது. வகுப்புத் தோழன் கஸெஹயா ஒருவன்தான் அவளிடம் இயல்பாகப் பேசுகிறான். அவன் பேசி முடித்ததற்கும் அவள் வாய் திறப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நடிகையின் மொத்த ஆட்டமும் அங்கேதான்.

முதலில் காதில் விழுகிறது. தன்னிடம்தான் பேசுகிறானா என்ற சந்தேகம் வருகிறது. ஆமாம் என்று நம்பத் துணிகிறாள். பிறகுதான் குரல். இத்தனையும் ஓரிரு நொடிகளில், புருவத்தைக்கூட உயர்த்தாமல் நடக்க வேண்டும். யாருமே பேசாத பெண்ணிடம் தயாராக ஒரு பதில் எப்படி இருக்கும்? சட்டென்று பதில் சொன்னால் அவள் சவாகோவே இல்லை. கிரிக்கெட்டில் பந்தை மட்டைக்கு அருகே வரவிட்டு ஆடுபவரை நேரம் கைவசம் உள்ளவர் என்று கொண்டாடுகிறோம். அதே பொறுமையைத் திரையில் கண்டால் மரக்கட்டை என்கிறோம்.

மாங்காவில் இந்தச் சிக்கல் கிடையாது. அதை வரைந்த ஷீனா கருஹோவின் பக்கங்களில் மனப்பேச்சு குமிழிக்குள் அடங்காமல் தனியாக மிதக்கும். வாசகர் விரும்பும் வரை அங்கே தங்கலாம். கதையும் அவசரப்படவில்லை, 2017 வரை ஓடி 30 தொகுதிகளானது. இரண்டு மணி நேரப் படத்தில் கடிகாரம் எடிட்டர் கையில். அவர் கத்தரி முதலில் தேடுவது இந்த மௌனத்தைத்தான். இல்லையென்றால் மனக்குரலைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். முகம் சொல்லிவிட்டதையே குரல் மறுபடி சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. அவள் தாமதிக்கும்போது எதிரே நிற்கும் பையன் மாட்டிக்கொள்கிறான். எல்லோருக்கும் பிடித்தவன், எதையும் சுலபமாகப் பேசுகிறவன், இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான். அவனுக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்பது வசனம் இல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதை வெளியே கொண்டுவந்தது அவளுடைய மௌனம். கைதட்டல் மட்டும் அவனுக்குப் போகிறது.

இதற்கு நேர் எதிரான ஆட்டம் கபே-டோன். பையன் சுவரில் கையை அறைந்து பெண்ணை மறிப்பான். இந்தக் காட்சி கொண்ட ‘எல்-டி-கே’ படம் வந்த 2014-இல், ஜப்பானின் அவ்வாண்டுப் பிரபலச் சொற்களின் முதல் பத்தில் அந்தச் சொல்லும் இருந்தது. டிரெய்லருக்கு அருமையான காட்சி. ஆனால் நாயகிக்கு அங்கே திடுக்கிடுவதைத் தவிர வேலை என்ன?

காற்று மாறுகிறது என்றே நினைக்கிறேன். 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் ‘கிமி நி டோடோகே’ 12 பகுதித் தொடராகத் திரும்பி வந்தது. நிதானமான நாயகிகள் இனி தொடர்களுக்கே போவார்கள். திரையரங்குக்கு வருபவையும் ‘சிஹயாஃபுரு’ மாங்காவின் படம் 2016-இல் செய்ததைப்போல இரண்டாகப் பிரிந்து வரும். மனக்குரலை அடியோடு எடுத்துவிடும் துணிச்சல் ஓர் இயக்குநருக்கு இந்தப் பத்தாண்டுக்குள் வரும். இன்று மரக்கட்டை என்று பெயர் வாங்குகிறவர்களில் ஒருவர் நாளை கனமான குடும்பக் கதைகளைத் தோளில் தாங்குவார்.

அடுத்த படம் வரட்டும். நாயகன் முதல் வணக்கம் சொன்னதும் கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அவள் முகத்தில் நின்றால் என் பந்தயம் அந்தப் படத்தின்மீது.