மனிதரும் பொறிகளும் பயிலும் மனை

கட்டடக் கலையின் தொன்மையான அளவுகோல் மனித உடலேயாகும். சாண், முழம், பாகம் என வழங்கும் தமிழ் அளவைப் பெயர்கள் யாவும் மனிதனுடைய கையினின்றும் பிறந்தவை. லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞர் நூலாக வெளியிட்ட 'மொடுலோர்' என்னும் அளவைத் திட்டமும் கையுயர்த்தி நிற்கும் மனித உருவையே அடிப்படையாகக் கொண்டது. படியின் உயரம் காலையும், வாயிலின் அகலம் தோளையும், கைப்பிடியின் இடம் கையையும் நோக்கி அமைந்தனவாகும். இனி, காலும் தோளும் இல்லாத ஒன்று அம்மனையிற் புகுந்து தொழில் செய்யத் தொடங்கின், மனைக்கு அளவு யாதாதல் வேண்டும்? றோபோ எனப்படும் தன்னியக்கப் பொறிகள் விடுதிகளிலும் பண்டசாலைகளிலும் அலுவலகங்களிலும் இயங்கும் இக்காலத்தில் இவ்வினா எழுதல் இயல்பே. இதற்கு உலகில் இதுகாறும் கூறப்பெற்ற விடைகளுள் மூன்று ஈண்டு ஆராயத்தக்கன.

முதலாவது, மனையைப் பற்றி அதிகம் எண்ணாது பொறியைப் புகுத்துதல். யப்பானில் நாகசாகி மாகாணத்தில் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஹென்னா விடுதி இதற்குச் சான்றாகும். வரவேற்பு முதலிய பணிகளைப் பொறிகளே ஆற்றும் விடுதியென அது பெரும்புகழ் பெற்றது. ஆயின், அங்கிருந்த 243 பொறிகளுட் பாதிக்கு மேற்பட்டவை விலக்கப்பட்டன என்னும் செய்தி 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பொதி சுமக்கும் பொறிகள் நூற்றுக்கு மேற்பட்ட அறைகளுள் ஏறத்தாழ 24 அறைகளையே அடையக்கூடியனவாயிருந்தன. சமதளத்தில் மட்டுமே செல்லவல்ல அவை மழையிலும் பனியிலும் பழுதுற்றன. விடுதி புதிதாகக் கட்டப்பெற்றதே. எனினும் பொறியின் முகத்தைப் பற்றிச் சிந்தித்தவர்கள் அது செல்லும் வழியைப் பற்றிப் போதிய அளவு சிந்தித்திலர். குறை பொறியிடத்து மட்டுமன்று, மனையிடத்தும் உளது என்பது தெளிவு.

இரண்டாவது, மனிதரையும் பொறியையும் பிரித்து வைத்தல். அமெசன் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் கீவா என்னும் நிறுவனத்தை விலைக்கு வாங்கித் தன் பண்டசாலைகளில் இம்முறையைப் பரப்பிற்று. அங்கே பொருளடுக்குகளைப் பொறிகள் அடியிலிருந்து தூக்கிச் சுமந்து, வேலியின் ஓரத்தில் நிற்கும் தொழிலாளியிடம் கொண்டு வருகின்றன. வேலிக்குள் மனிதருக்கு வழி இல்லை. விழுந்த பொருளை எடுத்தற்கோ பழுது பார்த்தற்கோ உள்ளே செல்பவர், பொறிகளுக்குத் தம்மை உணர்த்தும் தனி மேலங்கி ஒன்றை அணிந்து செல்லுமாறும் ஏற்பாடு செய்யப்பெற்றது. விபத்தைத் தவிர்த்தற்கு இப்பிரிவு ஏற்றதே. எனினும், மனையின் பெரும்பகுதி பொறிக்குரியதாக, மனிதன் அதன் விளிம்பில் ஒரே இடத்தில் நிற்பவனாகின்றான். பொறியின் வேகமே அவனது வேகமுமாகின்றது. இதனைப் பகிர்ந்த மனை என்றல் பொருந்தாது.

மூன்றாவது, இருவரையும் முதலிலேயே மனத்திற் கொண்டு கட்டுதல். தென் கொரியாவில் சொங்னாம் நகரில் நேவர் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் திறந்த '1784' என்னும் கட்டடம் இவ்வகையினது. அப்பெயர் 178-4 என்னும் நிலவிலக்கத்தினின்றும் வந்தது. கைத்தொழிற் புரட்சி நிகழ்ந்த காலத்தையும் நினைவூட்டுவது. அங்கே ரூக்கி என்னும் பொறிகள் ஊழியரின் இருக்கைக்கே பொதிகளையும் கோப்பியையும் கொண்டு செல்கின்றன. அவை மாடிகளுக்கிடையே ஏறியிறங்கப் பொறிகளுக்கேயுரிய மின்னுயர்த்தி ஒன்று உண்டு. பொறிக்காக மனிதர் காத்து நிற்கும் நிலை இதனாற் குறைகின்றது. ஹென்னா விடுதியில் இல்லாத முன்னோக்கு இங்கே காணப்படுதல் பாராட்டத்தக்கது.

ஆயினும் இக்கட்டடத்திற் கவனித்தற்குரியது பிறிதொன்று உளது. ரூக்கியின் அறிவு ரூக்கியினுள் இல்லை. கம்பியில்லாத் தொடர்பு வழியாகத் தொலைவிலுள்ள கணினிகளே அதற்காகச் சிந்திக்கின்றன. வாயிலும் வருவோரின் முகத்தைக் கண்டே திறக்கின்றது. எனவே இங்கு மனிதன் மனையைப் பகிர்வது ஒரு பொறியுடன் அன்று. காணவும் எண்ணவும் வல்ல மனையுடனேயாம். மனை தன்னுள் வாழ்வோரை எவ்வளவு காணலாம், கண்டதனை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், அதனை யார் ஆளலாம் என்பன சுவரும் தூணும் போலவே இனிக் கட்டட அமைப்பின் உறுப்புக்களாகும். இவற்றை வகுக்காத வரைபடம் நிறைவுடையதன்று.

இம்மூன்று விடைகளையும் சீர்தூக்குதற்கு உரைகல் ஒன்று வேண்டும். சில்லுகளில் இயங்கும் பொறி படியை வெறுக்கும். உயர்ந்த வாயிற்படியை வெறுக்கும். ஒடுங்கிய நடையை வெறுக்கும். சக்கர நாற்காலியில் அமர்ந்தவருக்கும் இவையே தடைகள். அந்நாற்காலி முழுதுந் திரும்புதற்கு ஏறத்தாழ 1.5 மீற்றர் விட்டமுள்ள வெளி வேண்டும் என்பது பன்னாள் அறிந்த அளவு. எனினும் இயலாதோர் நெடுங்காலம் கேட்டும் எளிதிற் கிடையாத சாய்தளமும் அகன்ற கதவும், பொறி கேட்குமுன்னரே அதற்குக் கிடைத்துவிடுகின்றன. நாணத்தக்க இந்நிலையை நன்மையாக மாற்றலும் கூடும். தோக்கியோவில் 2021ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 'டோன்' என்னும் கோப்பிச்சாலையில், வெளியே நடமாட இயலாதோர் தம் வீட்டிலிருந்தவாறே ஒரிகிமே என்னும் பொறிகளை இயக்கி விருந்தினரை உபசரிக்கின்றனர். சக்கர நாற்காலியில் வருவோரும் தடையின்றிப் பயிலும்வண்ணம் அச்சாலை அமைந்துள்ளது. அங்கே பொறிக்கு வகுத்த வழி மனிதனுக்கு வகுத்த வழியேயாகும்.

ஆகவே, மனையின் அளவு இன்றும் மனித உடலே. ஆனால் அது வலிமை மிக்க இளைஞனின் உடலாக மட்டும் இருத்தல் ஆகாது. பொறிக்காகச் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் முதியோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் உதவுமாயின் அது கொள்ளத்தக்கது. அவரை விளிம்பிற்குத் தள்ளுமாயின், எத்துணை வேகந் தரினும், தள்ளத்தக்கது.