பூட்டு, சாவி, நாணயம்

பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்ற ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை உருப்போட்டாள். "அங்கே என்னம்மா நடக்கிறது?" என்று கேட்டேன். "ஆற்றல் நிலையம்னு எழுதினாலே முழு மார்க், மாமா" என்றாள். அவள் மேல் குற்றமில்லை. பாடநூல்கள் விளக்கம் சொல்லவேண்டிய இடத்தில் ஓர் உவமையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கதை எழுதுகிறவனுக்கு விஞ்ஞானத்தில் தலையிட அதிகாரம் இல்லைதான். ஆனால் உவமை எங்கள் தொழில். அதில் பழுது கண்டால் சொல்லலாம்.

உயிரணுவைப் பற்றி எழுதுகிறவர்களிடம் மூன்று உவமைகள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. நொதிக்குப் பூட்டும் சாவியும், ஏ.டி.பி. என்ற பொருளுக்கு நாணயம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆற்றல் நிலையம்.

முதல் உவமை 1894-இல் பிறந்தது. சொன்னவர் ஜெர்மானிய ரசாயனி எமில் ஃபிஷர். அவர் சர்க்கரைகளை ஆராய்ந்தவர். ஒரு நொதி ஒரு வகைப் பொருளை உடைக்கிறது. அதே அணுக்களைச் சற்று வேறு திசையில் அடுக்கிய இன்னொன்றைத் தொடுவதுகூட இல்லை. சாவி வேறு, பூட்டுத் திறக்கவில்லை என்றார். வெகு சிக்கனமான பேச்சு. ஆனால் இந்த உவமையில் இரண்டு குறைகள் உண்டு. பூட்டு விறைத்துக் கிடப்பது, நொதி அப்படியல்ல. பொருள் வந்து சேரும்போது நொதி தன் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி அதை அணைத்துக்கொள்கிறது என்று 1958-இல் கோஷ்லண்ட் சொன்னார். இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரியதாகப் படுகிறது. வீட்டுப் பூட்டில் சாவி மாறுவதில்லை, பூட்டுத்தான் திறக்கிறது. நொதியிலோ மாறிப்போவது சாவி. பூட்டு பழையபடி அடுத்த சாவிக்குக் காத்திருக்கிறது. நம் ரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் நொதி ஒன்று, ஒரு வினாடியில் சுமார் பத்து லட்சம் தடவை இந்தக் காரியத்தைச் செய்துவிட்டு, தான் மாறாமல் இருக்கிறது. எந்தப் பூட்டுக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டு?

இரண்டாவது, நாணயம். நாணயத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்கலாம், பேரனுக்கு விட்டுப்போகலாம். ஏ.டி.பி.யைச் சேமிக்க வழியில்லை. எந்த நேரத்திலும் நம் உடம்பில் இருப்பது கால் கிலோ அளவைத் தாண்டாது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன்கூட ஒரு நாளில் ஏறத்தாழத் தன் எடைக்குச் சமமான ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறான். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான தடவை உடைந்து, மறுபடி கட்டப்படுகிறது. இது பணக்காரன் வாழ்க்கை அல்ல, அன்றாடங்காய்ச்சியின் வாழ்க்கை.

நாணயம் என்றவுடன் மதிப்பு அதற்குள்ளேயே பதிந்திருப்பதாக நினைத்துவிடுகிறோம். விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். 1941-இல் லிப்மன் ஏ.டி.பி.யின் பிணைப்பை ஒரு வளைகோட்டால் குறித்து, அதை உயர்சக்திப் பிணைப்பு என்றார். அதன்பின், உணவு எரிவதற்கும் ஏ.டி.பி. உண்டாவதற்கும் நடுவில் இதேபோல் சக்தியைச் சுமந்து நிற்கும் ஓர் இடைப்பொருள் இருக்கவேண்டும் என்று 1953-இல் ஸ்லேட்டர் எழுதினார். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் வருஷக்கணக்கில் அதைத் தேடின. கிடைக்கவில்லை. இல்லாத பொருள் எப்படிக் கிடைக்கும்? ஒரு தவறான சித்திரம் நல்ல மூளைகளை எவ்வளவு தூரம் அலையவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சித்திரத்தை மாற்றியவர் இங்கிலாந்துக்காரரான பீட்டர் மிட்சல். சக்தி எந்தப் பொருளிலும் இல்லை, ஒரு சவ்வின் இருபுறமும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது என்றார் 1961-இல். உணவு எரியும்போது ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு ஒரு பக்கமாக வெளியேற்றப்படுகின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஏ.டி.பி. உண்டாகிறது. பலர் நம்பவில்லை. உடல்நலம் கெட்டு எடின்பரோவை விட்ட அவர், கார்ன்வாலில் பாழடைந்த மாளிகை ஒன்றைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மோயில் அம்மையாருடன் அங்கேயே ஆராய்ச்சி நடத்தினார். 1966-இல் அமெரிக்காவில் ஜாகென்டார்ஃபும் உரிபேயும் பசலைக் கீரையின் பசுங்கணிகங்களை அமிலத்தில் ஊறவைத்து, இருட்டிலேயே காரத்துக்கு மாற்றினார்கள். வெளிச்சம் இல்லாமலே ஏ.டி.பி. பிறந்தது. 1978-இல் மிட்சலுக்கு நோபல் பரிசு வந்தது.

மேட்டூர் அணையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தேங்கிய நீரும் மதகுக்குக் கீழே ஓடும் நீரும் ஒரே காவிரிதான். மின்சாரம் தருவது நீரின் குணமல்ல, உயரம். இன்னும் ஒரு வேடிக்கை: அயனிகள் திரும்பும் வழியில் இருக்கும் நொதி உண்மையாகவே சுழல்கிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் அது சுற்றுவதை நேரிலேயே பார்த்தார்கள். ஆக, நான் குறை சொன்ன மூன்று உவமைகளில் பக்கத்து வீட்டுப் பெண் உருப்போட்டதுதான் கடைசியில் நிஜமாகிவிட்டது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த உயரம் தானாக நிற்பதல்ல. 1957-இல் டென்மார்க்கில் ஸ்கௌ, நண்டின் கால் நரம்புகளில் ஒரு நொதியைக் கண்டார். ஓர் ஏ.டி.பி.யைச் செலவழித்து, மூன்று சோடிய அயனிகளை அணுவுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுக்கிறது அது. ஓய்வில் நாம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது. நாம் தூங்கும்போதும் இறைப்பு நடக்கிறது. உள்ளும் புறமும் ஒரே மட்டமாகிவிட்டால் அதற்குப் பெயர் சாவு.

நல்ல உவமை அடுத்த கேள்வியைக் கேட்கவைக்கும். மட்டமான உவமை கேள்வியை மூடிவிடும். கதைக்கும் பாடநூலுக்கும் அளவுகோல் இதுவே. மறுநாள் அந்தப் பெண்ணிடம் அணையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ தண்ணீரை மேலே ஏற்றுவது யார், மாமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் கிடையாது. நானாக இருந்தால் முழுசாகப் போடுவேன்.